தூக்கத்தில் கால்மேல் கால்

இன்று இரவு வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு, விளக்கை அணைக்குமுன் ஒரு நிமிஷம் நின்று அவர்களுடைய கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். தூங்குகிற முகத்தைப் பற்றிக் கவிகள் வேண்டிய மட்டும் பாடியாகிவிட்டது. பாவம், காலைப் பற்றித்தான் யாரும் அக்கறை காட்டுவதில்லை. ஒருவர் மல்லாந்து படுத்து, கணுக்கால் மேல் கணுக்காலைப் போட்டுக் கொண்டிருப்பார். சாய்வு நாற்காலியில் பத்திரிகை படிக்கிறாரோ என்று தோன்றும். இன்னொருவர் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மேல் முழங்காலை ஏற்றியிருப்பார். குழந்தைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுடைய கால் பக்கத்தில் படுத்திருப்பவரின் வயிற்றின் மேல் இருக்கும்!

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்காதீர்கள். நம் வீடுகளில் கால்மேல் கால் போடுவது லேசான குற்றமல்ல. பெரியவர்கள் எதிரில் ஒரு பெண் அப்படி உட்கார்ந்துவிட்டால், "என்ன திமிர்!" என்பார்கள். படுக்கும்போது போட்டாலோ, "வீட்டுக்கு ஆகாதடி, காலை எடு" என்பார்கள். பகல் முழுவதும் காலை மடக்கி அடக்கமாக இருந்த மருமகள், தூங்கினதும் மாமியாருக்குப் பக்கத்திலேயே ராஜ கம்பீரமாகக் கால்மேல் கால் போட்டுக் கொள்கிறாள். தூக்கத்தில் மாமியார் ஏது, மருமகள் ஏது?

உண்மையில் உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? திமிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மல்லாந்து படுத்தால் இரண்டு பாதங்களும் தாமாகவே வெளிப்பக்கம் சாயும். ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுவிட்டால் இரண்டும் அங்கேயே நின்றுவிடுகின்றன. மார்கழிக் குளிரில் ஒரு பாதத்தின் சூடு மற்றொன்றுக்கும் உதவுகிறது. பல ஆண்டுகளாகப் பழகிப் போனதும் ஒரு காரணம்.

ஹாலந்து தேசத்தில் ஸ்னைடர்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதையே ஒரு கேள்வியாக எடுத்துக் கொண்டு, 1995-ல் விடையை வெளியிட்டார்கள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்காரும்போது, வயிற்றின் பக்கவாட்டுத் தசைகளுக்கு வேலை குறைகிறது என்று கருவி வைத்து அளந்து கண்டார்கள். அது உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிய ஆராய்ச்சிதான். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. நாம் மரியாதைக் குறைவு என்று நினைத்ததை, உடம்பு இளைப்பாறும் வழியாக வைத்துக் கொண்டிருக்கிறது.

அப்படியானால் இதில் ஆபத்தே இல்லையா? என் பெரியம்மாவின் கதையைச் சொல்லுகிறேன்.

பெரியம்மா ஒரு சமயம் கடுமையான காய்ச்சலில் படுத்து, எலும்பும் தோலுமாக எழுந்தாள். உடம்பு தேறும் வரையில் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலுமாகக் காலம் போயிற்று. கால்மேல் கால் போட்டால்தான் அவளுக்குச் சௌகரியம். ஒரு நாள் வலது காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்று விழுந்தது. நடந்தால் கட்டை விரல் தரையில் இடறியது. பாதத்தின் மேற்புறம் மரத்துப் போயிருந்தது. இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. பத்து நாள் சுவரைப் பிடித்துக் கொண்டே நடந்தாள். ஏன் தெரியுமா? "எத்தனை தடவை சொன்னோம், கால்மேல் கால் போடாதே என்று!" என்பார்களே என்ற பயம். அறுபது வயதில் அந்தப் பயம்!

டாக்டர் அவளுடைய முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்திக் கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுக் காட்டினார். பாதத்தைத் தூக்குவதற்கு உத்தரவு கொண்டு போகிற நரம்பு அந்த எலும்பைச் சுற்றிக் கொண்டு, தோலுக்கு வெகு அருகில் போகிறது. சதைப்பிடிப்பு உள்ளவர்களுக்கு அது ஒரு மெத்தை. உடம்பு இளைத்துவிட்டால் மெத்தை போய்விடுகிறது. மற்றொரு முழங்காலின் மேல் அந்த இடம் மணிக்கணக்கில் அழுந்தினால், நரம்பு வேலை நிறுத்தம் செய்துவிடுகிறது. "நரம்பு அறுந்து போகவில்லையம்மா, நசுங்கித்தான் இருக்கிறது" என்றார் டாக்டர். இரண்டு மாதத்தில் பெரியம்மா பழையபடி நடந்தாள்.

சாதாரணமாகத் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். தூக்கத்தில் நாம் பல தடவை புரண்டு படுக்கிறோம். கால் மரத்தால் உடம்பே எழுப்பிக் காலை எடுக்கச் சொல்லும். தூக்க மாத்திரை சாப்பிட்டவர்கள், குடித்துவிட்டுக் கிடப்பவர்கள், நோயில் அசையாமல் படுத்திருப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் ஆகியோர் விஷயத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திர சிகிச்சை செய்து கொண்டவர்களிடம், சில வாரங்களுக்குக் கால்மேல் கால் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்வதுண்டு. அவர்கள் அதை அவசியம் கேட்க வேண்டும். ஒருக்களித்துப் படுக்கிறவர்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை வைத்துக் கொண்டால், இடுப்புக்கும் முதுகுக்கும் நல்லது.

இன்னொன்று. காலில் நரம்பு சுருண்டு புடைத்துக் கொண்டால், அதற்கும் கால்மேல் கால் போட்டதுதான் காரணம் என்று பழி போடுகிறோம். அதற்கு முக்கியமான காரணங்கள் பரம்பரை, பிள்ளைப்பேறு, நெடுநேரம் நின்றபடி செய்கிற வேலை ஆகியவை. அடுப்படியில் நிற்கிற கால்களுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுக்காமல், தூங்குகிற கால்களைத் திட்டி என்ன பிரயோஜனம்?

பாதத்தைத் தூக்க முடியவில்லை, மரமரப்பு போகவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். கூடவே கையிலும் பலம் குறைந்து, வாயும் கோணி, பேச்சும் குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது வேறு ஆபத்து.

மற்றபடி, உங்கள் பெண் கால்மேல் கால் போட்டுத் தூங்கினால் எழுப்பித் திட்டாதீர்கள். காலில் ஏதாவது கோளாறு என்றால், பயப்படாமல் முதலில் உங்களிடம் வந்து சொல்லும்படி அவளை வளர்த்து வையுங்கள். அது போதும்.