பாசக்கயிறுக்கு ரெண்டு பிளக்!

'எந்த ஊருப்பா?' என்று கேட்பார்கள். 'அத்திப்பட்டு' என்றால் போச்சு. 'சிட்டிசன் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?'

பாஸ், 2001-ல் வந்த அந்தப் படத்தில் காணாமல் போனது அத்திப்பட்டி. எங்க ஊர் அத்திப்பட்டு. எண்ணூர் பக்கம் பத்திரமாகவே இருக்கிறது. மொட்டை மாடியில் நின்றால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். முதல் நிலையில் 210 மெகாவாட் யூனிட் மூன்று, இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் யூனிட் இரண்டு. ஊருக்கே கரண்ட் கொடுக்கிற ஏரியா!

அந்த ஏரியாதான் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கும்மிருட்டானது. எங்க தெருக்கோடியில் மரம் சாய்ந்து லைன் அறுந்து கிடந்தது. ஃப்ரிட்ஜுக்குள் ஆயாவோட இன்சுலின். அம்மா மணிக்கொரு தடவை திறந்து தொட்டுப் பார்த்துவிட்டு, என்னையும் பார்ப்பார். 'இன்ஜினீயருக்குப் படிக்கிறியே' என்று அர்த்தம்.

அப்போது நான் ஃபர்ஸ்ட் இயர் ட்ரிபிள் ஈ. சும்மா விடுவேனா? மைக் செட் மாமாவிடம் கெஞ்சி ஒரு குட்டி ஜெனரேட்டர் வாங்கி வந்தேன். 2.5 கே.வி.ஏ. 'வீடு பூரா லைட் எரியும் பாரு ஆயா' என்று சவால் வேறு. என் பிளான் ரொம்ப சிம்பிள். ஒரு ஒயர், ரெண்டு முனையிலும் பிளக் டாப். ஒன்று ஜெனரேட்டரில், இன்னொன்று ஹாலில் இருக்கிற 15 ஆம்ப்ஸ் சாக்கெட்டில். கரண்ட் ரிவர்ஸில் போய் வீடு முழுக்கப் பரவிவிடும்!

வாசலில் உட்கார்ந்து ஸ்குரூ முறுக்கும்போதுதான் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். ஷூட்டிங் கேரவன் ஓட்டுகிறவர்.

'தம்பி, கைல இன்னா?'

பெருமையாக விளக்கினேன். கையிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

'இது ஒயர் இல்லடா, பாசக்கயிறு. ஒரு பக்கம் சொருகினா மறுபக்கம் பின்னு வெளியே நீட்டிட்டு இருக்கும். அதுல 230 வோல்ட் நிக்கும். ஆயா தொட்டா?'

'மெயினை ஆஃப் பண்ணிடுவேன் அண்ணே.'

'மறந்துட்டா? என் வண்டில கூட கரண்ட் எடுக்கிற பின்னு மூடிக்குள்ள பதுங்கித்தான் இருக்கும். உள்ளே சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இருக்கு. ஒண்ணு வெளி கரண்ட், இல்ல ஜெனரேட்டர். ரெண்டும் ஒண்ணா சேரவே சேராது. நாலு சக்கர வண்டிக்கே அது இருக்கு. உன் வீட்ல இருக்கா?'

இல்லை. ஆனாலும் விடவில்லை நான். 'மெயின் ஆஃப் ஆகலைன்னாலும் தெரு லோடு மொத்தத்தையும் இழுத்து இந்தக் குட்டி மெஷின் நின்னுடும்ணே!'

'தெருவே அறுந்து கெடக்கு. லோடு எங்கடா இருக்கு?'

அப்போதுதான் பொறி தட்டியது. எங்க தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கிறது. அதற்குப் பின்பக்கமாகக் கொடுத்தால்? அதே மெஷின் ஏற்றிவிடும்! என் 230 வோல்ட் கம்பத்துக்குப் போகும்போது சுமார் பத்தாயிரம் வோல்ட். பிளஸ் டூவில் அந்தப் படத்தை வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான். பரீட்சையில் பாஸ், தெருவில் அரியர்.

அண்ணன் சொன்னபடி ஜெனரேட்டரை ஜன்னலுக்கு எட்டத்தில், வெட்டவெளியில் வைத்தோம். அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடின இடத்தில் தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வீட்டு ஒயரிங்கைத் தொடவே இல்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர், நேராக ஃப்ரிட்ஜுக்கு. அவ்வளவுதான். லைட் எரியவில்லை என்று ஆயா கிண்டல் பண்ணினாலும் இன்சுலின் பிழைத்தது.

மறுநாள் லைன் ஆள் வந்தார். எதிர்வீட்டு அக்காவோட வீட்டுக்காரர். ரெண்டு நாளாக வீட்டுக்கே வராதவர். இடுப்பளவு தண்ணியில் நடந்து வந்து, ஏறுவதற்கு முன் கம்பத்தடியில் நின்று கத்தினார்:

'யார் வீட்லயாச்சும் ஜெனரேட்டர் ஓடுதா?'

ஓடிப்போய் ஆஃப் பண்ணினேன். 'எங்க வீட்ல தனியாத்தான் ஓடுச்சுண்ணே. லைன்ல சேர்க்கல' என்றேன். தலையாட்டிவிட்டு, லைனை டெஸ்ட் பண்ணி, எர்த் கட்டி, அப்புறம்தான் கை வைத்தார். அவர் இறங்கி வரும்வரை அக்கா வாசலை விட்டு நகரவில்லை. நானும்தான்.

ப்ரெண்ட்ஸ், உங்க வீட்டுக்கு ஜெனரேட்டர் வந்தால் மொத்த வீட்டுக்கும் கரண்ட் வேண்டும் என்று ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போட்ட பிறகு ஆசைப்படுங்கள்.

அந்த ஒயரின் ஒரு பிளக்கை அன்றைக்கே வெட்டிவிட்டேன். வெட்டின பிளக் இப்போதும் என் ஹாஸ்டல் டேபிளில் இருக்கிறது. 'இது எதுக்குடா?' என்று ரூம்மேட் கேட்டால், எதிர்வீட்டு அக்கா கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.