சாரமிழந்த உப்பு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை அடைவோரை முதலில் எதிர்கொள்வது கருவாட்டு மணம். அருகே, பெயரிலேயே உப்பைத் தாங்கிய உப்பனாறு கடலை நாடிச் செல்கின்றது. கோடையின் தொடக்கத்தில் நாம் அங்குச் சென்றிருந்தபோது, மீனுக்கு உப்பிட்டுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், பழஞ்சாக்கு ஒன்றின் அடியிலிருந்து சிறிது வெண்பொடியை எடுத்து நம் கையில் இட்டார்.

"ருசித்துப் பாருங்கள் சாமி! மழைக்காலம் முழுதும் கூரை ஒழுகி நனைந்த உப்பு இது. கண்ணுக்கு உப்பு, நாக்குக்கு மண்."

நாவில் வைத்தோம். அவர் கூறியது மெய்யே. சாரமற்றுப்போன உப்பைக் குறித்து மலைப்பொழிவில் நம் ஆண்டவர் எச்சரித்தது உடனே நினைவுக்கு வந்தது. உப்பு எங்ஙனம் தன் சாரத்தை இழக்கும்? குருமடத்தில் பயின்ற நாளிலேயே நம்மை மருட்டிய வினா இது. விடை தேடி, புதுவைக்கு வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மரக்காணம் உப்பளங்களுக்குச் சென்றோம்.

கண்ணைக் கூசச் செய்யும் வெயிலில், வெறுங்காலுடன் ஆண்களும் பெண்களும் உப்பு வாரிக்கொண்டிருந்தனர். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. அவை ஒரே வகையின அல்ல. உவர்நீர் பாத்தி பாத்தியாகச் சுண்டும்போது, குறைவாகக் கரையக்கூடியது முன்னதாகப் படிகின்றது. முதலில் சுண்ணாம்புச் சத்து, அடுத்து ஜிப்சம். கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே நாம் உண்ணும் உப்பு மணி மணியாகத் திரளும். கசப்பான மக்னீசிய உப்புகளோ இறுதிவரை நீரிலேயே தங்கிவிடும். அந்நீரை வடித்துவிடாவிடில், உப்பு கசந்து, காற்றின் ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும்.

மூதாட்டியின் வெண்பொடிக்கு விடை இங்கே கிடைத்தது. 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். ஜிப்சமோ கால் கிராம் அளவே கரையும். ஆகவே தூய்மையற்ற உப்பில் மழைநீர் ஒழுகினால், உப்பு கரைந்தோடிவிடும். அதனுடன் கலந்திருந்த சுவையற்ற ஜிப்சம் போன்றவையே எஞ்சும். நிறம் அதே வெண்மை. சாரம் மட்டும் இல்லை! பாலஸ்தீன நாட்டு உப்புக்கும் இவ்வாறே நேர்ந்திருக்கலாம் என்று விவிலிய விளக்கவுரையாளர் பலர் கூறுவர்.

அன்பான குடும்பத்தாரே! நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். சுவரில் திரு இருதயப் படம் உண்டு. மேசைமேல் செபமாலை உண்டு. ஞாயிறு திருப்பலியும் தவறுவதில்லை. ஆயினும் உடன்பிறந்தாரோடு ஆண்டுக்கணக்கில் பேச்சில்லை. வேலையாளுக்குரிய கூலியில் நியாயமில்லை. உப்பு ஒரே நாளில் கரைந்துவிடவில்லை. கூரையின் சிறு ஒழுக்கைக் கவனியாது விட்டதே காரணம். 1969-ஆம் ஆண்டு சடங்குமுறை புதுப்பிக்கப்படும் முன்னர், திருமுழுக்கின்போது குழந்தையின் நாவில் உப்பு இடும் வழக்கம் இருந்தது. நம் முதியோர் பலர் அவ்வுப்பை ஏற்றவரே. அதன் பொருளை நாம் இழந்துவிடலாகாது.

ஆறுதலும் உண்டு. கரைந்த உப்பு அழிவதில்லை. அந்நீர் மீண்டும் பாத்திக்கு வந்தால், கதிரவன் அதனை மீண்டும் திரட்டித் தருவான். மனம் வருந்தித் திரும்பும் ஆன்மாவிற்கு இறையருளும் அவ்வாறே.

திரும்பும் வழியில் மேகம் சிறிது கறுத்தது. உப்பளத்தார் விரைந்து குவியல்களைக் கீற்றால் மூடலாயினர். திடீர் மழையொன்று பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலோ அவர்களுக்கு உப்பள வேலையே இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பர் நம் முன்னோர். நமக்கு முதலில் உப்பிட்டவர் இவர்களே அன்றோ? இன்றைய உணவுக்குமுன் செபிக்கையில் அவர்களையும் நினைப்போம்.