டேபிள் டென்னிஸ் அறையின் சாவி

1997 ஜனவரியில் ஒரு நாள், அதிகாலை நாலரை மணிக்கு விடுதியின் இரண்டாவது மாடி முழுவதும் இருண்டது. ஃபியூஸ் போயிருந்தது. புனே குளிருக்கு சால்வையைப் போர்த்திக்கொண்டு டார்ச்சுடன் மாடியேறினேன். ஒரே ஒரு அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சம். இரண்டு சூடானியர்கள், ஒரு யேமனி, ஒரு ஆப்கானியர், ஒரு கென்யர் என்று ஐந்து பேர், தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஹீட்டர் சுருள். அதன்மேல் அலுமினியப் பாத்திரத்தில் பாதி வெந்த முட்டைகள்.

நான் அப்போது அந்த விடுதியின் வார்டன். அறையில் ஹீட்டர் வைத்திருந்தால் 50 ரூபாய் அபராதம். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சுருளைப் பறிமுதல் செய்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் வாசலைத் தாண்டும்போது மூத்த சூடானிய மாணவன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. கீழே போய்த் தண்ணீராவது பிடித்துவரட்டுமா?"

ரம்ஜான் மாதம் தொடங்கி நான்கு நாட்கள் ஆகிவிட்டன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலை உணவு ஏழரைக்கு, இரவு உணவு எட்டுக்கு என்பது எங்கள் மெஸ்ஸின் நேரம். புனேவில் ஜனவரியில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதாவது, விடியுமுன் சாப்பிட எதுவும் கிடையாது. நோன்பு திறந்த பிறகும் ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் கல்லூரியின் விளக்கப் புத்தகத்தில் பல நாட்டுக் கொடிகளின் படம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வெளிநாட்டு மாணவர்களை அவரவர் நாட்டு உடையில் மேடையேற்றி, ஆடவைத்து, கைதட்டவும் செய்தோம். அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த நாட்களில் புனே கல்லூரிகளில் ஈரானியர்களையும் அரபு, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்களையும் சாதாரணமாகப் பார்க்கலாம். சிலர் சொந்தச் செலவில் வந்தவர்கள். சிலருக்கு இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகை. 1950-ல் மௌலானா ஆசாத் நிறுவிய அமைப்பு அது. பிற்காலத்தில் ஆப்கன் அதிபரான ஹமீத் கர்சாய்கூட சிம்லாவில் படித்தவர்தான். அழைத்து வந்ததில் நாடு பெருந்தன்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது. வந்தவன் மறுநாள் காலை எங்கே போய் நிற்பான் என்பது விடுதிக் குமாஸ்தாவின் பாடு.

மெஸ் சமையற்காரரை, அந்தப் பக்கத்து வழக்கப்படி, எல்லோரும் 'மகராஜ்' என்றுதான் கூப்பிடுவோம். தயங்கியபடியே அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். சங்கடஹர சதுர்த்தி விரதத்துக்கு நிலவைப் பார்த்த பிறகே வாயில் சோறு வைப்பவர் அவர். நிலாவைப் பார்த்து நோன்பைத் தொடங்கி, நிலாவைப் பார்த்து முடிப்பது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவிலிருந்து பன்னிரண்டு டப்பாக்களில் சப்பாத்தி, வேர்க்கடலைச் சட்னிப் பொடி, வாழைப்பழம். பெரிய பிளாஸ்க்கில் டீ. கல்லூரிக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் சாப்பிடாமல் விட்ட கணக்கே அதற்குச் சரியாகிவிட்டது.

இரவுத் தொழுகைக்கு டேபிள் டென்னிஸ் அறையின் சாவியைக் கொடுத்தேன். மேஜையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தால் இருபது பேர் நிற்கலாம்.

'முஸ்லிம் மாணவர்கள்' என்று ஒரே பெயரில் நாம் சொல்லிவிடுகிற கூட்டம் உண்மையில் எத்தனை ரகம் என்பதை அந்த அறையில்தான் பார்த்தேன். தராவீஹ் எட்டு ரக்அத்தா, இருபதா என்று முதல் நாளே சூடானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் வாக்குவாதம். (எட்டு முடிந்ததும் எட்டுக்காரர்கள் எழுந்து போவது என்று சமரசமானது.) ஷியாக்களான ஈரானிய மாணவர்கள், சூரியன் மறைந்தும் கிழக்கில் செம்மை மறையட்டும் என்று சில நிமிடம் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களிலேயே ஒருவன் நோன்பே வைப்பதில்லை. ஒரு நாள் அழமாட்டாத குறையாக என் அறைக்கு வந்தான். "சார், நான் நோன்பு என்று நினைத்து மகராஜ் எனக்கு மதியச் சாப்பாடு போட மறுக்கிறார். தயவுசெய்து என் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்." எடுத்தேன். ஒருவனுக்கு அறையைத் திறந்துவிடுவது எப்படியோ, அப்படியே இன்னொருவனை அதற்குள் தள்ளாமல் இருப்பதும் வார்டன் வேலை என்று அன்று புரிந்தது.

விடுதியில் உள்ளூர் முஸ்லிம் மாணவர்கள் மூவர் இருந்தார்கள். அவர்கள் அந்த அறைப் பக்கம் வரவே இல்லை. கேம்ப் பகுதி மசூதிக்கு சைக்கிளில் போய் வந்தார்கள். ஏன் என்று ஒருவனைக் கேட்டேன். "அவர்கள் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விடுவார்கள் சார். நான் இங்கேதானே இருக்க வேண்டும்" என்றான். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.

அந்த ஆண்டு நோன்பு முடிந்து பெருநாளுக்கு மறுநாள், மூத்த சூடானியன் ஒரு தாளுடன் வந்தான். டப்பா ஏற்பாட்டையும் அறையையும் விடுதி விதிகளில் சேர்க்கக் கோரும் மனு. தெளிவான ஆங்கிலம், கீழே பதினான்கு கையெழுத்து. நான் சிரித்தேன். "இதெல்லாம் எழுத்தில் வந்தால்தான் சிக்கல். நாலு பேர் கேள்வி கேட்பார்கள். நான் இருக்கும்வரை உங்களுக்கு என்ன கவலை?" என்றேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் முகத்தில் இருந்தது நன்றி என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். பாராட்டில் எனக்கும் கொஞ்சம் மயக்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பையன்கள் என்னை 'நல்ல சார்' என்றார்கள். அது விதியாகிவிட்டால் நான் எப்படி நல்ல சாராக இருப்பது?

2000-ல் வார்டன் பொறுப்பு என்னிடமிருந்து வேறொருவருக்குப் போனது. அடுத்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14. விடுமுறைக்கு மெஸ்ஸை மூடினார்கள். அடுத்த சில நாட்களில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. ஊருக்குப் போக வழியில்லாத வெளிநாட்டுப் பையன்கள் மட்டும் விடுதியில். அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் குண்டு போட ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. காபூலிலிருந்து வந்து முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு வீட்டிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. டேபிள் டென்னிஸ் அறைக்குப் புதுப் பூட்டு. அவர்கள் வராந்தாவில் தொழுதார்கள். யாரோ புகார் கொடுத்தார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது.

புதிய வார்டன் கெட்டவர் அல்லர். 'அறையில் தொழ அனுமதி இருந்தது' என்று பையன்கள் சொன்னபோது கோப்பைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்?

ஆப்கன் பையன் விடுதியைக் காலி செய்துவிட்டு வெளியே அறை தேடினான். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவத்தில் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதைக் கேட்டதும் பாதி வீட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். பெயரைக் கேட்டதும் மீதிப் பாதி. எனக்கு விஷயம் தெரிந்து நான் போவதற்குள் அவன் புனேவிலேயே இல்லை. அந்த ஆண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை.

2024 மார்ச் 16 இரவு, அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழக விடுதி வளாகத்தில் தராவீஹ் தொழுத வெளிநாட்டு மாணவர்களை ஒரு கும்பல் புகுந்து தாக்கியது. இலங்கையைச் சேர்ந்த ஒருவரும் தஜிகிஸ்தானைச் சேர்ந்த ஒருவரும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. வெளியுறவு அமைச்சகம் அறிக்கை வெளியிட்டது. கைதுகள் நடந்தன. மாணவர்கள் வேறு விடுதிக்கு மாற்றப்பட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உள்ளூர்ப் பண்பாட்டு உணர்வுகளைப் பற்றிப் பயிற்சி தேவை என்று பல்கலைக்கழகத் தரப்பில் பேசினார்கள். அடித்தவர்களுக்கு என்ன பயிற்சி என்பது கிடக்கட்டும். செய்தியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது வேறு கேள்வி: அவர்கள் திறந்தவெளியில் ஏன் தொழுதார்கள்? அங்கே பூட்டிய அறை எது? அதன் சாவி யாரிடம் இருந்தது?

2021-22 அரசுக் கணக்கின்படி இந்தியாவில் படித்த வெளிநாட்டு மாணவர்கள் சுமார் 47,000. நேபாளத்துக்கு அடுத்து அதிகம் பேர் வந்தது ஆப்கானிஸ்தானிலிருந்து. இன்னும் நிறையப் பேரை வரவழைக்க வேண்டும் என்பது அரசின் ஆசை. நல்லதுதான்.

அன்று அந்த சூடானிய மாணவன் கொண்டுவந்த மனு எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். நோன்பு மாதத்தில் விடியுமுன் உணவு டப்பாவில் தரப்படும். வேண்டாதவர் பெயர் சேர்க்கப்படாது. மாலை ஏழு முதல் பத்து வரை டேபிள் டென்னிஸ் அறை திறந்திருக்கும். சாவி காவலாளியிடம் இருக்கும். விடுமுறையில் மெஸ் மூடினாலும் தங்கியிருப்பவர்களுக்கு அடுப்பு வசதி உண்டு. வார்டன் மாறினாலும் இவை மாறா.

தட்டச்சு செய்யப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு தட்டச்சுப் பொறிகள் இருந்தன.