தேன்பெட்டிக்கு ஒரு கம்பிவலை

இரும்புக்கடைக்காரர் மூன்று சுருள்களை எம்முன் விரித்துவிட்டு, "என்னத்துக்கு மாஸ்டர், கோழிக்கூட்டுக்கோ?" என்று வினவினார். தேன்பெட்டிக்கு என்றோம். அவர் நகைக்கவில்லை. "அப்ப பூச்சி எவ்வளவு பெரிசு?" என்றார். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. சங்கப் பாடல்களிலே குறிஞ்சி நிலத்துத் தேனிறால் எங்கெங்கே தொங்குகிறதென வகுப்பில் விரித்துரைக்க வல்ல நாம், ஒரு தேனீயை அளவுகோலருகே வைத்துப் பார்த்தவரல்லர்.

தமிழ்ப் பட்டதாரிக்குத் தேன்பெட்டியில் என்ன வேலை என வாசகர் ஐயுறலாம். வன்னியில் நாம் கற்பிக்கும் பாடசாலையிலே விஞ்ஞான ஆசிரியரின் இடம் நெடுநாளாக வெற்றிடம். உயர்தர மாணவர் தேனீ வளர்ப்பைச் செயற்றிட்டமாக எடுத்தபோது, பொறுப்பு எம் தலையில் வந்து விழுந்தது. மாணவி ஒருத்தியின் தாயார், கணவரை இழந்தவர், ஐந்து பெட்டிகளை வைத்துத் தேன் விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். அவற்றுள் இரண்டை எமது பரிசோதனைக்கு மனமுவந்து தந்தார்.

எம்மிடமிருந்த ஆங்கிலக் கைந்நூல், பெட்டியின் பலகைத் தளத்தை அகற்றிக் கம்பிவலை பொருத்துமாறு விதித்தது. காரணம் வறோவா என்னும் உண்ணி. ஏறத்தாழ 1.1 மில்லிமீற்றர் நீளமும் 1.6 மில்லிமீற்றர் அகலமுமுள்ள இது தேனீயின் உடலை உறிஞ்சி வாழ்வது. ஈயினின்றும் தவறி விழும் உண்ணி பலகையில் விழுந்தால் மீண்டும் ஏறிக்கொள்ளும். வலையூடாகக் கீழ்த்தட்டில் விழுந்தால் மேலேற வழியில்லை. விழுந்தவற்றை எண்ணிக் கூட்டின் நோயை மதிப்பிடவும் இயலும். ஆதலால் வலையின் கண் உண்ணியை விடவேண்டும், ஈயை மறிக்கவேண்டும்.

கடையில் முதற் சுருள் நுளம்புவலை. மலிவானது. அதன் கண் ஒன்றரை மில்லிமீற்றரையும் எட்டாது. உண்ணி அதன்மேல் படுத்துறங்கும், மெழுகுத் துகளும் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது பிளாஸ்ரிக் வலை. அதனைத் தள்ளியது எம் அறிவன்று, உடன்வந்த மாணவனின் அறிவு. மெழுகு அந்தின் புழு பொலித்தீனைத் தின்பதாக ஐரோப்பிய ஆய்வாளர் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட செய்தியை அவன் எங்கோ வாசித்திருந்தான். மூன்றாவது, நாகமுலாம் பூசிய இரும்பு வலை. அளவுகோலை வைத்து எண்ணினோம்: அங்குலத்துக்கு எட்டுக் கம்பிகள். 25.4ஐ எட்டால் வகுத்துக் கம்பியின் தடிப்பைக் கழித்தால் கண் ஒன்று இரண்டேமுக்கால் மில்லிமீற்றர். கணக்குச் சரியாக வந்தபோது எமக்கு உண்டான பூரிப்பைச் சொல்லவேண்டுவதில்லை. துருப்பிடியா உருக்கு வலை இன்னும் நெடுநாள் உழைக்கும் என்றார் கடைக்காரர். ஆயின் 2022 நெருக்கடிக்குப் பின் ஏறிய விலை இறங்கவில்லை. அதில் ஒரு யார் வாங்கினால் அத்தாயாரின் ஒரு போத்தல் தேன் போய்விடும். இரும்பு வலையே போதுமென்றோம். வெட்டிய முனைகளில் முலாம் இல்லாமையால் அங்கேதான் முதலில் துரு ஏறும். அது கையையும் கிழிக்கும். ஆகவே நான்கு ஓரங்களையும் சட்டத்துக்குள் அமுக்கி மறைத்தோம். வேலை திருத்தமாகவே இருந்தது.

ஆறாவது வாரம் மாணவி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். "ரெண்டு பெட்டியும் வெறும் பெட்டி, சேர். பூச்சி எழும்பிப் போட்டுது. அம்மா உங்களை வரட்டாம்."

சென்று வலையைக் கழற்றினோம். கீழ்த்தட்டிலே மெழுகுத் துகளும் மகரந்தமும் விரற்கடை உயரத்துக்குக் குவிந்து, அதற்குள் அந்துப் புழுக்கள் நூல் பின்னிக் கிடந்தன, வதைகளிலும் ஏறியிருந்தன. தாயார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "மாஸ்டர், பலகையெண்டால் பூச்சியே குப்பையைத் தள்ளி வெளியில போட்டிடும். நீங்கள் வலையைப் போட்டுக் குப்பையை அதுக்கு எட்டாமல் செய்துபோட்டியள்" என்றார். "முதலே சொல்லியிருக்கலாமே, அம்மா?" என்றோம். "நீங்கள் புத்தகம் பார்த்தல்லோ செய்தனீங்கள்" என்றார். அந்த விடைதான் சுட்டது. ஏசியிருந்தால் இவ்வளவு சுட்டிராது.

அன்றிரவு அக்கைந்நூலை முதற் பக்கத்திலிருந்து வாசித்தோம். அது ஏப்பிஸ் மெலிபெரா எனும் ஐரோப்பிய ஈக்காக எழுதப்பட்டது. எம்மூர்ப் பெட்டியில் வாழ்வது ஏப்பிஸ் செரானா; உருவிற் சிறியது, தொல்லை கண்டால் கூட்டையே விட்டெழும் இயல்பினது. வறோவா வகை உண்ணி அறிவியலாருக்கு முதன்முதல் அறிமுகமானதே 1904இல், யாவாவில், இந்த ஈயின் கூட்டிலிருந்துதான். எம் ஈ உண்ணியைத் தன் துணை ஈயின் உடலிலிருந்து பற்றியெடுத்து நீக்கும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் ஈக்களின் அறைகளிலேயே பெருகும். அதனால் கூடு அழிவதில்லை. மனிதர் இலாபங் கருதி ஐரோப்பிய ஈயை ஆசியாவுக்குக் கொணர்ந்த பின்னரே உண்ணி அதன்மேல் தாவி உலகெங்கும் பரவிற்று. தாவிய இனம் வேறெனக் கண்டு வறோவா டிஸ்ட்ரக்டர் எனப் பெயரிட்டது 2000ஆம் ஆண்டில். ஆக, எம் ஈ பெரும்பாலும் தானே தீர்த்துக்கொண்ட ஒரு வழக்குக்கு நாம் வலை வாங்கியிருக்கிறோம்! திருச்சிராப்பள்ளியிலே நியூட்டன் பாதிரியார் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவ்வீயின் அளவுக்கென்று பெட்டியைச் சிறிதாக்கிச் செய்தார். நாமோ ஈயை நூலின் அளவுக்குத் திருத்த முயன்றோம்.

இரு கூடுகளின் இழப்பு அவ்வீட்டுக்கு ஒரு தவணைக் கல்விச் செலவு. அதற்கீடாக நாம் கொடுத்த பணத்தை அவர் வாங்க மறுத்தார். மகளின் கொப்பிகளுக்கென்று சொல்லிய பின்னரே வாங்கினார்.

இப்பொழுது அவருடைய பெட்டிகள் யாவும் பலகைத் தளத்தில் நிற்கின்றன. எஞ்சிய வலையைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தோம். இரவிலே பெட்டியை இடம் மாற்றும்போது வாயிலில் அதனை வைத்துக் கட்டினால், ஈ வெளியேறாது, காற்றும் உட்புகும். வலை அதற்கு உதவுகிறது. மாணவர் தாம் கண்டவற்றைத் தமிழில் இரு பக்கங்களாக எழுதினர். அச்சுக்குக் கொடுக்குமுன் தாயாருக்கு வாசித்துக் காட்டினோம். "பத்து நாளுக்கு ஒருமுறை அடித்தட்டைக் கூட்டுக" என்ற இடத்தில் அவர் கையை உயர்த்தினார்.

"மாரியில ஏழு நாள் எண்டு போடுங்கோ, மாஸ்டர். பெட்டிக் காலுக்குக் கீழ தண்ணிச் சிரட்டை வைக்கிறதையும் எழுதேல்லை. எறும்பு வந்தால் என்ன செய்வியள்?"

மாணவி பேனாவை எடுத்துத் திருத்தினாள்.