வாங்கில் அமர்ந்திருக்கும் மனிதர்

வொட்ஃபர்டிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டதையும், முதற்போட்டியிலேயே தோற்றுவிட்டதால், பெரிய கழகம் எதிலும் ஆடியிராத உனக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்டதையும் உன் கடிதத்தில் படித்த அன்று மாலை, இங்குள்ள விக்கரேஜ் ரோட் மைதானத்துக்கு நடந்துபோய், வெளியே ஒரு வாங்கில் அமர்ந்த கோலத்தில் வார்க்கப்பட்டிருக்கும் வெண்கலச் சிலையின் அருகில் சிறிது நேரம் இருந்துவிட்டு வந்தேன். அந்தச் சிலைக்குரிய கிரஹாம் டெய்லரின் சரித்திரமே உனக்கு நான் எழுதக்கூடிய பதில்.

1944இல் பிறந்து, ஸ்கன்தோர்ப் என்னும் உருக்காலை நகரத்தில், பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதிய தகப்பனாரின் மகனாக வளர்ந்த டெய்லர், கிரிம்ஸ்பி, லிங்கன் என்ற இரண்டு சிறு கழகங்களுக்காகக் கீழ்ப் பிரிவுகளிலேயே பின்காவல் ஆடியவர். இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரு நாளும் ஆடும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. இடுப்பில் ஏற்பட்ட காயத்தால் ஆட்டத்தை விட நேர்ந்த 1972ஆம் ஆண்டிலேயே, இருபத்தெட்டு வயதில், லிங்கன் கழகம் அவரைத் தன் முகாமையாளராக்கிற்று. நான்கு ஆண்டுகளுக்குள், 46 ஆட்டங்களில் 32 வெற்றியும் 111 கோல்களுமாக, அக்கழகம் நான்காம் பிரிவின் முதலிடத்தைப் பெற்றது.

ஆனால் என் நெஞ்சில் நிலைத்தது அந்தக் கணக்கன்று. லிங்கனில் அவர் தம் ஆட்டக்காரர்களை அவ்வூர்த் தொழிற்சாலைகளுக்கு அழைத்துச் சென்று, சனிக்கிழமை தோறும் காசு கொடுத்து வாயிலுக்குள் நுழையும் ஜனங்கள் அந்தக் காசை எவ்விதப் பிரயாசையால் சம்பாதிக்கிறார்கள் என்பதைக் கண்ணால் காணச் செய்தார். இதை நான் அறிந்தபோது, நம் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில், சம்பள நாள் ஒன்றில், பந்து வாங்குவதற்காக நாங்கள் துணி விரித்துக் காசு சேர்த்தது நினைவுக்கு வந்தது. மழையில் ஊறிய படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி நின்ற அம்மா, கொழுந்து குறைந்ததென்று அந்த மாதத்தில் எத்தனையோ நாட்களுக்கு அரைநாட் சம்பளமான அரைப்பேரே விழுந்திருந்தும், கொழுந்துக் கறை கறுத்த விரல்களால் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தை எடுத்துப் போட்டாள். அந்தப் பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போகும்போதெல்லாம், அட்டைக்கடியையும் பாராமல் நாங்கள் தேடி எடுத்தோம்.

1977இல் பாடகர் எல்டன் ஜோன் தலைவராயிருந்த வொட்ஃபர்ட் கழகம் டெய்லரை வரவழைத்தது. நான்காம் பிரிவில் கிடந்த அக்கழகத்தை ஐந்தே ஆண்டுகளில் முதற்பிரிவுக்கு உயர்த்தி, 1983இல் லிவர்பூலுக்கு அடுத்த இரண்டாம் இடத்திலும் அவர் நிறுத்தினார். பந்தை நெடுந்தூரம் அடிக்கும் முரட்டு ஆட்டமென்று பண்டிதர்கள் பழித்தார்கள். கையிலிருந்த ஆட்களின் சுபாவம் அறிந்து வகுத்த உபாயம் அது என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம். பாடசாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்று ஊராரோடு பழகுவதை அவர் ஆட்டக்காரரின் கடமையாக்கினார். குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் அச்சமின்றி இருந்து பார்க்கத் தனியிடமும் இங்கே அமைந்தது.

பின்னர் 1990இல் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1992இல் சுவீடனிடம் தோற்றதும், ஒரு பத்திரிகை அவர் தலையை டர்னிப் கிழங்காகச் சித்திரித்து அவமதித்தது. 1994 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறாததால் அவர் விலகினார். நாடே எள்ளிய அம்மனிதர் 1996இல் வொட்ஃபர்டுக்கே திரும்பி வந்து, மூன்றாம் நிலைக்கு இறங்கியிருந்த கழகத்தை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில் உயர்த்தி, 1999இல் பிரீமியர் லீக்கில் சேர்த்தார். 2017 ஜனவரியில் அவர் காலமானபோது, இந்த நகரம் தன் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோல் துக்கித்தது.

தம்பி, அடுத்த போட்டிக்கு முன்னர் ஒரு நாள், பிள்ளைகளை மாலைக் கொழுந்து நிறுக்கும் வேளையில் மடுவத்துக்கு அழைத்துச் செல். தத்தம் தாய்மாரின் பக்கத்தில், நிறுத்து முடியும்வரை அவர்கள் நிற்கட்டும். அதன்பின் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. புதிய பந்துக்கான பணத்தை இந்த மாதமே அனுப்பிவைக்கிறேன்.