படிக்கட்டில் இறங்கிய எழுத்து

பெரியப்பாவின் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளும். திரை ஒரு நொடி கறுக்கும். மறுபடியும் பாஸ்வேர்டையே கேட்கும். தப்பு என்றும் சொல்லாது, உள்ளேயும் விடாது. 2006இல் திருச்சியில் அசெம்பிள் செய்த பெட்டி. 40 ஜிபி ஹார்டு டிஸ்க், டெபியன் லினக்ஸ். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன் (நம் ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் வைத்தியமும் பென்சில் ரப்பரில்தான் ஆரம்பிக்கிறது). மதர்போர்டு பேட்டரியை மாற்றினேன். பழுது பார்க்க வந்த பையன், "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்றான். பெரியம்மாவின் கடைசி மூன்று வருடப் போட்டோக்கள் அதற்குள்தான் இருந்தன.

போகும்போது அவன் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்திக் காட்டினான். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மூலையில் 'டிடிஒய்1'.

"டிடிஒய்னா என்னப்பா?"

"டெர்மினல் சார்."

டெர்மினலில் ஒய் எங்கே இருக்கிறது? அவன் வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான். அந்த ஒய் மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் தூள் மாதிரி என்னிடம் தங்கிவிட்டது.

தேடியதில், அது டெலிடைப் என்பதன் சுருக்கம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார்கள். அந்த ஆரம்ப வருடங்களில் அவர்கள் முன்னால் பெரும்பாலும் இருந்தது திரை இல்லை. டெலிடைப் மாடல் 33 என்கிற தட்டச்சு இயந்திரம்தான். தட்டினால் கம்ப்யூட்டருக்குப் போகும், கம்ப்யூட்டர் சொல்வதைக் காகிதத்தில் அடித்துத் தரும். வினாடிக்குப் பத்தே எழுத்து. யுனிக்ஸ் கட்டளைகள் இரண்டெழுத்தில் கஞ்சத்தனமாக இருப்பதற்கு அந்த வேகமும் ஒரு காரணம். இயந்திரம் பழைய இரும்புக்குப் போயிற்று, பெயர் மட்டும் லினக்ஸ் வரை வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா தந்தி ஆபீசில் டெலிபிரிண்டர் அடித்தவர். கிண்டியில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் 1960இல் ஆரம்பித்துச் செய்த இயந்திரத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார். எனக்குள் கதை தானாகவே கட்டிக்கொண்டது: நீங்கள் அடித்த மிஷின்தான் இன்று உங்கள் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது பெரியப்பா! நேரில் போய் அப்படியே சொன்னேன்.

"அது எங்க மிஷின் இல்லடா."

"டெலிபிரிண்டர், டெலிடைப் எல்லாம் ஒண்ணுதானே?"

"ஹீரோ பேனாவும் பார்க்கர் பேனாவும் ஒண்ணா? டெலிடைப்ங்கிறது அமெரிக்கா கம்பெனி பேரு. எங்களுது இத்தாலி ஆலிவெட்டி. கிண்டியில அவன் டிசைன்லதான் பண்ணினான். நீ சொல்ற மிஷினுக்கு நாடாவுல எத்தனை ஓட்டை?"

தெரியாது என்றேன். எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழைய சிகரெட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே முழ நீளத்துக்கு மஞ்சளித்த காகித நாடா. குறுக்கே ஒரு பக்கம் மூன்று, இன்னொரு பக்கம் இரண்டு என ஐந்து ஓட்டைகளுக்கு இடம். நடுவே நாடாவை இழுக்கிற பல்லுக்காக ஊசிமுனை ஓட்டை ஓடிக்கொண்டே இருந்தது. சில வரிசைகளில் ஐந்துமே குத்தியிருந்தன.

"இதெல்லாம்?"

"நான் தப்பா அடிச்சது. குத்தின ஓட்டையை அடைக்க முடியாது. பின்னால இழுத்து அஞ்சையும் குத்திட்டா மிஷின் கண்டுக்காமத் தாண்டிப் போயிடும்."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். மாடல் 33இன் நாடாவில் எட்டு ஓட்டை. பெரியப்பா சொன்னதுதான் சரி; குறியீடே வேறு, குலமே வேறு. ஒரு வாரம் போன் செய்யும்போதெல்லாம் வேறு வேறு வழியில் கேட்டுப் பார்த்தேன். கம்பெனிகளுக்குள் ஏதாவது உறவு? உதிரி பாகம்? ஒரு தடவையாவது உங்கள் ஆபீசுக்கு டெலிடைப் வந்ததா? "வரல. விடுடா."

கதையை விட்டேன். போட்டோக்களையாவது மீட்போம் என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். கறுப்புத் திரையில் நுழைந்து, டெஸ்க்டாப்பைக் கையால் கிளப்புகிற ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையைக் கொடுத்தேன். பிழைச் செய்திகள் கொட்டின. அதற்குப் பிறகு எழுத்தெல்லாம் கோணல். ஒரு வரி முடிந்த இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரி ஆரம்பித்து, படிக்கட்டில் இறங்குவதுபோல வலது ஓரத்துக்குப் போய் உடைந்தது. ஒன்றும் படிக்க முடியவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு போச்சு என்று நினைத்தேன்.

பின்னால் காப்பியோடு நின்ற பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "கேரேஜ் ரிட்டர்ன் வரல. லைன் ஃபீட் மட்டும் வருது."

"என்னது?"

"ரெண்டும் வேற வேறடா. ஃபீட்னா காகிதம் ஒரு வரி ஏறும், அவ்வளவுதான். ரிட்டர்ன் அடிச்சாதான் இடது ஓரத்துக்கு வரும். அது திரும்ப நேரமாகும். அதனால முதல்ல ரிட்டர்ன், அப்புறம் ஃபீட். புதுசா வர்ற பசங்க ரிட்டர்னை விட்டுடுவாங்க. இதே மாதிரிதான் படிக்கட்டு விழும்."

எனக்குப் புல்லரித்தது. லினக்ஸ் தன் கோப்புகளில் லைன் ஃபீடை மட்டுமே வைத்திருக்கும். திரைக்கு அனுப்பும்போது டிடிஒய்தான் அதோடு ரிட்டர்னைச் சேர்க்கிறது. ஸ்டார்ட்எக்ஸ் இடறி விழுந்தபோது அந்த ஏற்பாட்டையும் கலைத்துவிட்டது. அதைச் சீராக்க 'எஸ்டிடிஒய் சேன்' என்று ஒரு கட்டளை உண்டு. டிடிஒய்யே, புத்தி தெளி என்று அர்த்தம். அடித்தேன். வரிகள் இடது ஓரத்துக்கு வந்து ஒழுங்காக நின்றன.

அதன் பிறகு டிஸ்க்கில் இடம் எவ்வளவு என்று கேட்டேன். 100 சதவீதம் நிரம்பியிருந்தது. லினக்ஸ் வழக்கமாக டிஸ்க்கில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவைக்கும். பாஸ்வேர்டு கேட்கும் திரை நிர்வாகி ஆள்; அதற்கு இடம் இருந்தது. பெரியப்பா சாதாரண ஆள். அவருடைய டெஸ்க்டாப் தொடங்க ஒரு சின்ன அனுமதிக் கோப்பு எழுத வேண்டும், அதற்கு இடம் இல்லை. அடைத்துக்கொண்டிருந்தது எது என்று பார்த்தால், டெஸ்க்டாப் தன் குறைகளையெல்லாம் தானே எழுதிவைக்கும் ஒரு மறைவான கோப்பு. 11 ஜிபி புலம்பல். காலி செய்தேன். டெஸ்க்டாப் வந்தது, பெரியம்மாவும் வந்தாள்.

வேர் எங்கே இருக்கிறது என்று பிறகுதான் பிடிபட்டது. நான் கம்பெனியைத் தேடினேன். தேடியிருக்க வேண்டியது குறியீட்டை. பிரெஞ்சுக்காரர் போதோவின் ஐந்து அலகுக் குறியீட்டை நியூசிலாந்தின் டொனால்ட் மரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தி அமைத்து, ரிட்டர்னுக்கும் ஃபீடுக்கும் தனித்தனிக் குறி கொடுத்தார். ஆலிவெட்டியின் ஐந்து ஓட்டை அதன் வழி வந்தது. 1963இன் கம்ப்யூட்டர் எழுத்துக் குறியீடான ஆஸ்கி அந்த இரண்டையும் 13, 10 என்று எண் போட்டு எடுத்துக்கொண்டது. அழிப்பதற்கான 127ஆம் எண்ணைப் பாருங்கள்: குறியீட்டுக்குரிய ஏழு ஓட்டையும் குத்திய வரிசை.

அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். "மணி இருக்கா இதுல? எதிர்முனையில ஆளைக் கூப்பிட ஒரு மணி இருக்கும்."

கறுப்புத் திரைக்குப் போய், வெற்று வரியில் பேக்ஸ்பேஸை அழுத்தினேன். பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம்.

"இதுவா மணி?" என்றார். ஆனால் கையை நீட்டி, இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.