தேக்காவின் ஞாயிறுகள்: ஒரு மனு எழுத்தரின் நாட்குறிப்பு

9 டிசம்பர் 2013, திங்கள்

சிங்கப்பூரில் நகரசபை உறுப்பினர் என்றொரு பதவி இன்று இல்லை. தெருவிளக்கு எரியவில்லை, மின்தூக்கி நின்றுவிட்டது, மாடிப்படியில் துர்நாற்றம் வீசுகிறது என்று முறையிட விரும்பும் குடியிருப்பாளர் தம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரையே தேடிச் செல்கிறார். அவ்வுறுப்பினர் வாரத்தில் ஒரு மாலை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்திலோ பாலர் பள்ளி அறையிலோ அமர்ந்து முறையீடுகளைக் கேட்பது மக்கள் சந்திப்பு எனப்படுகிறது. 1955இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த இவ்வழக்கத்தில், வந்தவரின் குறையைக் கேட்டு, உரிய துறைக்குக் கடிதம் வரைந்து, உறுப்பினரின் கையொப்பத்துக்கு வைப்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவையொட்டிய வட்டாரத்தில் அவ்வாறு மனு எழுதிவரும் ஒருவரின் குறிப்பேடு இது. நேற்றிரவு நடந்தது நடவாதிருந்தால் இது தொடங்கப்பட்டிருக்காது.

நேற்று ஞாயிறு இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களைத் தங்குவிடுதிகளுக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழகத்தைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்துத் திரண்ட கூட்டம் பேருந்தையும், உதவிக்கு வந்த வாகனங்களையும் தாக்கியது; சில வாகனங்கள் எரிந்தன. 1969க்குப் பிறகு இத்தீவு இத்தகைய கலவரத்தைக் கண்டதில்லை. 27 பேர் கைதாகியிருப்பதாக இன்று அறிவிக்கப்பட்டது.

10 டிசம்பர்

தமிழர்கள் ஒருவரையொருவர் சந்தித்தபோதெல்லாம் முதலில் கேட்டுக்கொண்டது, அங்கே இருந்தீர்களா என்பதே.

15 டிசம்பர், ஞாயிறு

இந்த வார இறுதிக்கு லிட்டில் இந்தியாவில் மது விற்பனையும் பொது இடத்தில் குடிப்பதும் தடை செய்யப்பட்டுள்ளன. தங்குவிடுதிகளிலிருந்து வரும் தனியார் பேருந்துகளும் இன்று ஓடவில்லை. கடைகள் திறந்திருந்தும் வாங்குவாரில்லை. காய்கறிக்கடைக்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, கடந்துசெல்லும் காவலர்களை எண்ணிக்கொண்டிருந்தனர். வட்டாரவாசிகள் பலருக்கு இது பல ஆண்டுகளாகக் கேட்டுக் கிடைக்காத, கூட்டமில்லாத ஞாயிறு; ஆயினும் அவர்களில் ஒருவரும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

17 டிசம்பர், செவ்வாய்

மக்கள் சந்திப்பில் வரிசை எண் எடுத்துக் காத்திருந்தவர்களுள், தேக்காவுக்கு அருகே வீவக வீட்டில் நெடுங்காலம் வசித்துவரும் மூதாட்டி ஒருவரின் முறையீடு இங்கே விரிவாகப் பதியத்தக்கது. அவர் முதலில் கேட்டது வேலி. "ஞாயித்துக்கிழமைன்னா மாடிப்படியில கால வைக்க முடியல தம்பி. குடிச்சிட்டு அங்கேயே படுத்துக்கிறாங்க, அங்கேயே ஒண்ணுக்கும் போறாங்க. சுத்தி வேலி போடச் சொல்லி எழுதுங்க" என்றார். கீழ்த்தளம், மாடிப்படி, நடைபாதை ஆகியவை நகர மன்றத்தின் பொறுப்பு என்பதால் அம்மன்றத்துக்கு முதல் கடிதம் எழுதப்பட்டது.

நகர மன்றம் என்பது வீவக குடியிருப்புகளின் பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும் அமைப்பாகும். அங் மோ கியோவில் 1986இல் சோதனையாகத் தொடங்கி, 1988ஆம் ஆண்டின் நகர மன்றச் சட்டத்தால் தீவு முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட இவ்வமைப்பை நாடாளுமன்ற உறுப்பினர்களே தலைமையேற்று நடத்துகின்றனர். துப்புரவு, விளக்கு, மின்தூக்கி, சாயம் பூசுதல் ஆகியவற்றுக்கான செலவைக் குடியிருப்பாளர்கள் மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணமும் அரசாங்க மானியமும் ஈடுகட்டுகின்றன.

எழுதி முடித்துப் படித்துக் காட்டியதும் மூதாட்டி எழுந்துவிடவில்லை. "இன்னொண்ணு தம்பி, பஸ்ஸு எப்ப விடுவாங்க? அந்தப் பிள்ளைங்க வந்தாத்தானே என் மகன் கடையில ஏவாரம்? இந்த ஞாயிறு பெட்டியத் திறக்கவே இல்ல" என்றார். அது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பொறுப்பு. எனவே இரண்டாவது கடிதம் எழுதப்பட்டது. ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே தேதி. முதல் கடிதம் அவர்களை உள்ளே விடாதீர்கள் என்கிறது, அடுத்தது அவர்களை அழைத்து வாருங்கள் என்கிறது. இரண்டும் வெவ்வேறு உறைகளில் வெவ்வேறு அலுவலகங்களுக்குச் செல்வதால் ஒன்றையொன்று சந்திக்கப்போவதில்லை. மூதாட்டியிடம் முரண்பாடு இருப்பதாகச் சொல்வதற்கும் இல்லை, அவர் இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டார்.

22 டிசம்பர், ஞாயிறு

பேருந்துகள் திரும்பிவிட்டன. எனினும் எண்ணிக்கை பாதியாகக் குறைக்கப்பட்டு, இரவு 11 மணிக்குப் பதில் 9 மணிக்கே சேவை முடிகிறது.

நேற்றோடு நகரசபைத் தேர்தல் நடந்து 56 ஆண்டுகள் நிறைந்தன என்பதை யாரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை. 1951இல் நகரத் தகுதி பெற்ற சிங்கப்பூருக்கு, 1957 டிசம்பர் 21 அன்றுதான் உறுப்பினர் அனைவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை முதன்முதலாகக் கிடைத்தது. 32 இடங்களில் 13ஐ வென்ற மக்கள் செயல் கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். குடிநீர், மின்சாரம், எரிவாயு, சாலை, துப்புரவு ஆகிய அனைத்தும் அச்சபையின்கீழ் இருந்தமையால், தெருக்குழாயில் தண்ணீர் வராதவர் செல்லவேண்டிய கதவு ஒன்றாகவே இருந்தது. மேயரின் ஆர்ப்பாட்டமான ஆட்சிமுறை ஓயாத சர்ச்சைக்கு உள்ளாகி, 1959இல் சபையும் கலைந்து அதன் பணிகள் அரசாங்கத்துக்குள் இணைக்கப்பட்டன. 1960இல் வீவகவும், 1963இல் குடிநீர், மின்சாரம், எரிவாயு ஆகியவற்றுக்கான பொதுப் பயனீட்டுக் கழகமும் தோன்றின. சிறிய தீவுக்கு இரண்டு அரசுகள் தேவையில்லை என்னும் வாதம் வலுவானதே. அதன்பின் வந்த துறைகள் நகரசபையைவிடத் திறமையாகச் செயல்பட்டன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கதவுகளின் எண்ணிக்கை பெருகிவிட்டது.

14 ஜனவரி 2014

பொங்கல். கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் வந்து இறங்கியிருந்தன. குறைசொல்ல யாரும் வரவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

இவ்வாரம் இரண்டு நிகழ்ந்தன. செவ்வாயன்று பொது ஒழுங்குக்கான கூடுதல் தற்காலிக நடவடிக்கைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. லிட்டில் இந்தியாவைச் சிறப்புப் பகுதியாக வைத்து, அங்கு மதுக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்தவும், வருவோரைச் சோதிக்கவும் தடுக்கவும் காவல்துறைக்கு ஓராண்டுக்கு அதிகாரம் தரும் சட்டம் இது. மறுநாள், முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வத்தின் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு பொது அமர்வைத் தொடங்கியது. காரணம் கண்டறியும் அமர்வு சட்டத்துக்கு மறுநாள் தொடங்கியதை ஒரு முரணாகக் கருதலாம். இடைக்கால ஏற்பாடு காத்திருக்க இயலாது என்றும் கருதலாம். இன்றைய மனநிலையில் முதலாவதே சரியெனத் தோன்றுகிறது.

30 மார்ச், ஞாயிறு

மாலையில் ரேஸ் கோர்ஸ் சாலையோரப் புல்வெளியருகே, கையில் சோற்றுப் பொட்டலத்துடன் நின்ற இளைஞர் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு சென்ற தொண்டரை அதிகாரி என எண்ணி, "அண்ணே, இங்க உக்காந்து சாப்பிட்டா ஏதும் சொல்லுவாங்களா?" என்று கேட்டார். பேச்சில் சிவகங்கைப் பக்கத்துச் சாயல் இருந்தது. எளிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடைசொல்ல வேண்டுமாயின், அந்த நிலம் யாருடையது என்பது முதலில் தெரிய வேண்டும். வெற்று அரசு நிலமாயின் அது சிங்கப்பூர் நில ஆணையத்தைச் சேரும். சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது. வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்தினுடையது. நடப்பட்ட மரம் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. குப்பை தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் வேலை. சாலையைக் கடந்து வீவக கட்டடத்தின் எல்லைக்குள் கால்வைத்தால் நகர மன்றம். உட்காரலாம் என்று சொல்லும் அதிகாரம் எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை; உட்காரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் பலரிடம் உண்டு.

"உக்காருங்க தம்பி, பொட்டலத்த மட்டும் தொட்டியில போட்டுருங்க" என்ற பதில், எந்தத் துறையின் சார்பிலும் சொல்லப்படாத பதிலாகும்.

அவர் மக்கள் சந்திப்புக்கு வந்து இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதும் எண்ணிப்பார்க்க வேண்டியது. படிவத்தில் முதலில் கேட்கப்படுவது தொகுதிக்குள் இருக்கும் முகவரி. அவருடைய விடுதி வேறொரு தொகுதியில் இருக்கலாம். அங்கும் அவருக்கு வாக்கில்லை. சம்பளமோ காயமோ தொடர்பான சிக்கலென்றால் மனிதவள அமைச்சும் வெளிநாட்டு ஊழியர் நிலையமும் உள்ளன. வேலையிழந்தோருக்கு, 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ' என்னும் தொண்டு அமைப்பு தேக்காவிலேயே 2008 முதல் இலவச உணவு தருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவது, கழிப்பறை எங்கே என்னும் கேள்விகள் குடியிருப்பாளரிடமிருந்து வந்தால் மட்டுமே நகராட்சிக் கேள்விகளாகின்றன.

மே மாதம், தேதி குறிக்கப்படவில்லை

மாடிப்படி, வேலி, விளக்கு, மீண்டும் மாடிப்படி. இவ்வளவுதானா இந்த வேலை என்று தோன்றும் வாரங்களும் உண்டு.

1 ஜூலை, செவ்வாய்

விசாரணைக் குழுவின் அறிக்கை நேற்று வெளியாயிற்று. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தில் பரவிய தவறான எண்ணம், தெருவிலேயே நீதி கேட்கும் மனப்போக்கு, மது ஆகிய மூன்றையும் காரணங்களாகக் குறிப்பிடும் அறிக்கை, ஊழியர்களின் வேலைச்சூழல் மீதோ வாழ்க்கைநிலை மீதோ உள்ள அதிருப்தி கலவரத்துக்குக் காரணமன்று என்கிறது. காவல், குடிமைத் தற்காப்புப் பணியாளர்கள் முதலானோரில் 54 பேர் காயமடைந்தனர். 23 அவசரகால வாகனங்கள் சேதமுற்றன, அவற்றுள் ஐந்து எரிந்தன. முன்வைக்கப்பட்ட எட்டுப் பரிந்துரைகளுள், ஊழியர்களுக்கு அடிப்படை வசதிகளையும் சேவைகளையும் லிட்டில் இந்தியாவுக்கு வெளியேயும் ஏற்படுத்துதல், மக்கள் திரளும் இடங்களில் வெளிச்சத்தையும் பாதுகாப்பையும் மேம்படுத்துதல், மதுக் கட்டுப்பாடு ஆகியவையும் அடங்கும்.

கலவரத்தின் காரணம் பற்றிய முடிவை ஏற்பதில் தயக்கமில்லை. காரணத்தைத் தேடுவதே குழுவுக்குத் தரப்பட்ட பணி. ஆனால் அறிக்கையில் விளக்கும் வசதியும் பேருந்தும் கழிப்பறையும் பேசப்படும் பக்கங்களைப் படிக்கும்போது, மூதாட்டியின் இரு கடிதங்களும் முதன்முறையாக ஒரே உறைக்குள் வைக்கப்பட்டிருப்பது போலிருந்தது. அதற்கு ஒரு கலவரம் தேவைப்பட்டது.

18 ஆகஸ்ட், திங்கள்

நேற்றைய தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங், புக்கிட் கோம்பாக்கில் கிடந்த மீன் உருண்டைக் குச்சி ஒன்றின் கதையைச் சொன்னார். சரிவான புல்தரை பூங்காக் கழகத்துக்கும், வடிகால் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும், சாலையோர நடைபாதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் உரியவையாதலால், குச்சி எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து அதை அகற்றுபவர் மாறுவார். இதைச் சீர்செய்ய நகராட்சிச் சேவைகள் அலுவலகம் ஒன்று அமைக்கப்படுமாம். அரங்கம் சிரித்தது. மார்ச் மாதத்துப் புல்வெளி நினைவுக்கு வந்தமையால் இங்கும் சிரிப்பு வந்தது. மீன் உருண்டைக் குச்சிக்கு வழி பிறந்துவிட்டது என்பதில் உண்மையான மகிழ்ச்சியும் உண்டு.

2 அக்டோபர்

நகராட்சிச் சேவைகள் அலுவலகம் நேற்று முதல் இயங்குகிறது.

2 ஏப்ரல் 2015, வியாழன்

ஜனவரியில் நிறைவேறிய மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நேற்று நடப்புக்கு வந்தது. தீவு முழுவதும் இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது. கேலாங்கும் லிட்டில் இந்தியாவும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாதலால், அங்கு சனிக்கிழமை காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை எந்நேரமும் தடை. தற்காலிகம் எனத் தொடங்கியது நிலைபெற்றுவிட்டது. சென்ற வாரம் வந்த மூதாட்டி, மாடிப்படி இப்போது சுத்தமாக இருப்பதாகச் சொல்லி, மகன் கடை வாடகையைக் குறைக்கச் சொல்லி யாருக்கு எழுதுவது என்று கேட்டார். தனியார் கடைவீட்டின் வாடகைக்குக் கடிதம் எழுதத் துறை ஏதும் இல்லை. அதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க நெடுநேரம் ஆயிற்று. புரிந்ததா என்பது ஐயமே.

25 ஜூலை 2015, சனி

தேர்தல் தொகுதி எல்லைகள் மறுஆய்வுக் குழுவின் அறிக்கை நேற்று வெளியிடப்பட்டது. குழுத்தொகுதி என்பது, சிறுபான்மை இனத்தவர் ஒருவரையேனும் கொண்ட அணியாக வேட்பாளர்கள் போட்டியிடும் தொகுதி. லிட்டில் இந்தியாவை உள்ளடக்கியிருந்த மோல்மின் - காலாங் குழுத்தொகுதி கலைக்கப்பட்டு, 2011இல் மறைந்த ஜாலான் புசார் குழுத்தொகுதி மீண்டும் உருவாகிறது. பொதுத்தேர்தலுக்குப் பின் வேலிக்கான மனுக்கள் அந்தப் பெயர் கொண்ட நகர மன்றத்துக்குச் செல்லும். எல்லைகளை வரைந்த குழு கணக்கில் எடுத்துக்கொண்டது வாக்காளர்களின் எண்ணிக்கையை. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்கள், ஞாயிறுதோறும் தேக்காவில் எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும், அக்கணக்கில் வருவதில்லை.